பாப்போம் என்றால் இல்லை

சங்கரேஸ்வரி தலையணை உறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். நடுவில் ஒரு தலை அளவுக்கு எண்ணெய் ஊறி மஞ்சளித்துக் கிடந்தது. கை பொறுக்கும் சூட்டில் இருந்த வாளித் தண்ணீரில் வாஷிங் சோடாவை ஒரு பிடி போட்டுக் கலக்கி, உறையை முக்கி எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தேய்த்தாள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை பரவும். காலையிலிருந்து இது பதினான்காவது உறை.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குக் குரங்கைவிடப் பெரிய எதிரி எண்ணெய்தான். அருவிக்கரையில் மாலிஷ் செய்துகொண்டு, குளித்தும் போகாத எண்ணெயோடு வந்து வெள்ளைத் துணியில் தலையைச் சாய்ப்பார்கள். சீசன் முடிவதற்குள் பாதி உறைகள் கந்தலாகிவிடும்.

"ஏ சங்கரி, எண்ணெயத்தான எடுக்கச் சொன்னேன்? நூலையும் சேத்துல்லா எடுக்குத," என்றாள் ஜெபமலர். பன்னிரண்டு வருடமாக அந்த லாட்ஜில் பெருக்குவது, துவைப்பது, விருந்தாளிகளை ஏசுவது எல்லாம் அவள் பொறுப்பு. "அது என்னது, அந்தச் சுண்டுவிரலு மட்டும் தனியா ஆடுது?"

சங்கரேஸ்வரி குனிந்து பார்த்தாள். இடது சுண்டுவிரல் வாளியின் விளிம்பை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் கண்ட்ரோல் பட்டனை ஒன்பது வருடம் அமுக்கிய விரல்.

"சேவ் பண்ணுது மலரக்கா."

"எதை?"

"தெரியல."

"நல்லாப் பண்ணட்டும். தலைகாணி உறை தொலஞ்சிரக் கூடாதுல்லா."

சங்கரேஸ்வரிக்கு முப்பத்தொரு வயது. சென்னையில் இணையதளங்கள் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் அவளுடையது. பட்டன், படிவம், படம் எல்லாம் பெரிய திரையில் ஒரு மாதிரியும் கைபேசியில் வேறு மாதிரியும் கோணாமல் உட்கார வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. போன நவம்பரில் ஒரு காலை திரையைத் திறந்தபோது எழுத்துக்கள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து சாயங்காலம் வரை வேலை செய்தாள். பதினோரு நாள் இப்படியே நடந்தது. பன்னிரண்டாம் நாள் கட்டிலிலிருந்து கால் தரையில் இறங்கவில்லை. அறைத்தோழி ஊருக்குப் போன் செய்ய, அப்பா செல்லச்சாமி பொதிகை ரயிலில் போய்க் கையோடு கூட்டிவந்தார். அன்றைக்கு எடை நாற்பத்து நான்கு கிலோ. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நூற்றெட்டு.

தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் பி-டுவெல்வ் குறைவு, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரை கொடுத்தார், நான்கு மாதம் கழித்து மெல்லக் குறைத்தார். தினமும் தூங்கிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். தென்காசியில் தெருக்காரர்கள் வேறு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி செய்வினை என்றாள், இன்னொருத்தி கல்யாணம் என்றாள். அம்மா மாரித்தாய் இரண்டையும் கேட்டுக்கொண்டு மகளுக்கு ஈரல் வறுத்துக் கொடுத்தாள்.

உழைத்துச் சோர்ந்தவள் என்றால் படுத்துக் கிடப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இவளால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து குழாயை மூடிவிட்டு வருவாள், குழாய் மூடித்தான் இருக்கும். மாடிப்படி ஏறுவாள், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவாள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல்தான், ஐந்தருவி போகும் சாலையில் அப்பா கட்டியிருந்த எட்டு அறை லாட்ஜுக்கு மாசி மாதத்திலிருந்து தினமும் அவளைக் கூட்டிவந்தார்கள். அங்கே நடக்க இடமும் தேய்க்கத் துணியும் இருந்தன. மடிக்கணினியை ஒரு பழைய போர்வையில் சுற்றித் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். காலையில் வந்ததும் போனையும் அணைத்து அதன்மேல் வைத்துவிடுவாள். சாயங்காலம்தான் எடுப்பாள், அப்போதும் மெயிலைத் திறக்க மாட்டாள். ஆனி பிறந்த பிறகு நோட்டில் முதல் தடவையாக ஆறு மணி நேரம் என்று எழுதினாள். ஐந்து வாரமாக அது ஆறுக்குக் கீழே போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுஹைப் கூப்பிட்டார். சென்னையில் அவளுடைய குழுத் தலைவர். கெட்டவர் இல்லை. அவள் நோயில் விழுந்த பிறகு மாதாமாதம் பேசி விசாரித்த ஒரே ஆள் அவர்தான். சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் அவளுடைய இடத்தைப் பிடித்து வைத்திருந்ததும் அவர்தான். அந்தப் பிடி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தீபாவளிக்கு ஒரு துணிக்கடையின் இணையதளத்தைப் புதிதாகக் கட்டித் திறக்க வேண்டும், திங்கட்கிழமை ஆரம்பம், வர முடியுமா என்று கேட்டார்.

"பாப்போம் சுஹைப்," என்றாள் சங்கரேஸ்வரி.

"சூப்பர் சங்கரி, தேங்க்ஸ்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுத்தாகிவிட்டது என்று அவளுக்கு நிம்மதி. அந்த 'சூப்பர்' மட்டும் இரண்டு நாளாக செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. மறுத்ததற்கு எதற்கு சூப்பர்?

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அருவிகளில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டியவர்கள், குளிக்காமல் ஊர் திரும்புவதா என்று இன்னும் ஒரு நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டு அறையில் ஒன்றுகூடக் காலியாகவில்லை. பன்னிரண்டரைக்கு வாசலில் ஒரு வேன் வந்தது. திருப்பூர்க்காரர் ஒருவர், மனைவி, மச்சினர் குடும்பம், பிள்ளைகள் என்று ஒன்பது பேர் இறங்கினார்கள்.

செல்லச்சாமி முன்மேசையில் இருந்தார். போலீசில் முப்பத்தாறு வருடம். ஏட்டாக இருந்து அதற்கு மேலும் போய் ஓய்வு பெற்றவர், ஆனாலும் எல்லோருக்கும் ஏட்டையாதான்.

"ரூமுங்க," என்றார் திருப்பூர்க்காரர். "புதன்கிழமை போன்ல பேசினேனுங்களே."

"பேசுனீரு. நான்தான் அன்னைக்கே சொல்லிட்டம்லா?"

"ஆமாங்க, பார்ப்போம்னு சொன்னீங்க. அதை நம்பித்தானுங்க வேன் புடிச்சு வந்திருக்கிறோம்."

"பாப்போம்னா இல்லைன்னுதானவே அர்த்தம்!"

"அதெப்படிங்க? பார்ப்போம்னா பார்ப்போம்னுதானுங்க அர்த்தம்."

"ஒரு ஊருல ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கான். பாப்போம்னு சொன்னா என்ன அர்த்தம்? தாம்பாளத்தத் தூக்கிட்டு நடையக் கட்டுன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும் வே!"

"எங்க ஊருல கல்யாணச் சமையலுக்குப் பாத்திரத்தைக் கழுவி வைன்னு அர்த்தமுங்க," என்றாள் திருப்பூர்க்காரரின் மனைவி, பையைத் தரையில் வைத்தபடி. "இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?"

"இல்லைங்கிற வார்த்தைய வாசல்ல வச்சுச் சொல்லப்படாது தாயி. வீட்டுக்கு ஆவாது."

மாடிப்படியில் மடித்த உறைகளோடு நின்ற ஜெபமலர் சிரித்துவிட்டாள். "ஏட்டையா எத்தன பேரை லாக்கப்புல போட்டாரு. ஒரு 'இல்ல' மட்டும் வாயில வராது."

அவளுக்குப் பின்னால் வந்து நின்ற சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. கையிலிருந்த சோப்புத் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே துணி அறைக்குப் போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து போனை எடுத்து ஆன் செய்து மெயிலைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை சுஹைப் அனுப்பிய மெயில். குழு முழுவதற்கும். 'நல்ல செய்தி. திங்கள் காலை ஒன்பதரை முதல் சங்கரேஸ்வரி நம்மோடு. துணிக்கடைத் தளத்தின் முகப்பு முழுதும் அவர் பொறுப்பு.' அதன் கீழே பதினேழு பேர் கட்டைவிரலும் கைதட்டலும் போட்டிருந்தார்கள். தனியாக, அன்று காலை வந்த குறுஞ்செய்தி ஒன்று: 'லேப்டாப்பில் சில மாற்றம் செய்யணும், ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் இருங்க.'

அவள் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு.

சுஹைபின் குழுவில் கழிந்த மூன்று வருடத்துப் 'பாப்போம்'கள் வரிசையாக வந்தன. செவ்வாய்க்குள் முடியுமா, பாப்போம். அந்த இன்னொரு தளத்தையும் சேர்த்துப் பார்க்கிறீர்களா, பாப்போம். மறுத்த பிறகும் செவ்வாய்க்கிழமை வந்து முடிந்ததா என்று கேட்கிறார்களே, எவ்வளவு திமிர் என்று உள்ளே எரிந்தபடி, வம்பு எதற்கு என்று விடிய விடிய முடித்துக் கொடுத்திருக்கிறாள். போன வருட மதிப்பீட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்த முதல் வரி: 'எதற்கும் மறுப்புச் சொல்லாதவர்.' கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அன்றைக்கு அழுதாள்.

வார்த்தை ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். அர்த்தம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று இரண்டாம் வருடமே அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் வேறு வார்த்தை வாயில் வரவில்லை. வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்தத் தொழிலில் எட்டு மாதம் என்பது நீண்ட காலம். இந்தத் திங்களை விட்டால் பிறகு கூப்பிடவே மாட்டார்கள். போனாலோ, மூன்று வாரத்தில் பழையபடி கட்டிலிலிருந்து கால் இறங்காது. இரண்டுமே அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தன.

உட்கார முடியவில்லை. குடையை எடுக்க மறந்து சாலையில் இறங்கி நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. ஐந்தருவி வரை போனாள், திரும்பினாள், பாதியில் மறுபடியும் திரும்பி அருவிக்கே போனாள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. இந்தப் பக்கம் தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஒரு கூட்டம் நின்றது.

"எப்ப சார் விடுவீங்க?" என்று கேட்டாள் ஒரு பெண். இடுப்பில் குழந்தை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "பாப்போம்மா."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காத்திருக்க வசதியாகக் காலை அகட்டி நின்றாள். குழந்தையின் உதடு குளிரில் வெளுத்திருந்தது.

"இன்னைக்கு விடமாட்டாங்க," என்றாள் சங்கரேஸ்வரி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பிள்ளைக்குத் தலையத் தொவட்டி ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அவர் பார்ப்போம்னாரே?"

"மாட்டாங்க."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் புருஷனைத் தேடிப் போனாள்.

லாட்ஜுக்குத் திரும்பியபோது மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஒன்பது பேருக்கும் பாய் விரித்தாயிருந்தது. செல்லச்சாமியால் கடைசி வரை அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே கக்கூஸ். ஈரத்துணிகள் கைப்பிடிச்சுவர் முழுக்கத் தொங்கின. குரங்கு ஒன்று திருப்பூர் முறுக்குப் பொட்டலத்தோடு தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தது. சங்கரேஸ்வரி நான்கு மணி வரை படியேறி இறங்கினாள். வாளி, விளக்குமாறு, கூடுதல் போர்வை. சுண்டுவிரல் நிற்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு ஜெபமலர் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"மலரு, நாளைக்கு ஒரு ஆறு மணிக்கெல்லாம் வந்திரு," என்றார் செல்லச்சாமி. "கூட்டம் கெடக்கு."

"முடியாது ஏட்டையா. ஆராதனைக்குப் போவணும். பத்து மணிக்கு வாரேன்."

"சீசன் நேரம்லா..."

"ஆண்டவருக்கு சீசன் கெடையாது. பத்து மணி."

"செரி," என்றார் அவர்.

அவ்வளவுதான். ஜெபமலர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். செல்லச்சாமி முகம் கோணாமல் பேப்பரைத் திருப்பினார். சங்கரேஸ்வரி இன்னும் ஏதாவது நடக்கும் என்று சிறிது நேரம் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எப்பா."

"என்னட்டி?"

அவள் மெயிலைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். சென்னை விடுதியில் அவள் கிடந்த கோலத்தைப் பார்த்தவர் அவர்.

"நீ என்ன சொன்ன அவன்ட்ட?"

"பாப்போம்னு சொன்னேன்."

"அப்பெறம் என்ன? வேண்டாம்னு சொல்லியாச்சே!"

"அவருக்கு அது வேணும்னு கேட்டுருக்கு. திருப்பூர்க்காரருக்குக் கேட்ட மாதிரி."

செல்லச்சாமி மேலே கொட்டகையைப் பார்த்தார். அங்கிருந்து பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. "நம்பரக் குடு. நான் பேசுதேன் அவன்ட்ட."

"நீங்களா? நீங்களும் பாப்போம்பீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அந்த வேலையே வேண்டாம் தாயி. இங்கனயே இரு," என்றார்.

"வேண்டாம்னு இல்லப்பா. வேணும். தலைகாணி உறை தொவைக்கவா ஒன்பது வருசம் அந்த வேலையப் பழகுனேன்? இப்ப வேண்டாம். அந்த மாதிரி வேண்டாம். இத எப்படிச் சொல்லணும்னுதான் தெரியல." அவள் அதற்குள் சுவரில் தொங்கிய மாற்றுச் சாவிகளைக் கழற்றி எண் வரிசைப்படி மாட்டத் தொடங்கியிருந்தாள். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

மறுநாள் காலை நோட்டில் நான்கு மணி நேரம் என்று எழுதினாள். ஐந்து வாரத்தில் முதல் சறுக்கல். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, லாட்ஜுக்கு வந்து, மொட்டை மாடியின் கடைசி மூலைக்குப் போய், எட்டே முக்காலுக்கு சுஹைபைக் கூப்பிட்டாள். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"சொல்லுங்க சங்கரி! சாயங்காலம் தானே?"

"சாயங்காலம் இல்ல. திங்கட்கிழமையும் நான் வரமாட்டேன்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"என்ன சங்கரி, அன்னைக்கு பார்ப்போம்னு சொன்னீங்களே? நான் எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்."

"எங்க ஊர்ல பாப்போம்னா முடியாதுன்னு அர்த்தம்."

"என்னது?"

"முடியாதுன்னு அர்த்தம்."

"இருங்க. அப்போ இத்தனை வருஷமா நீங்க சொன்ன பார்ப்போம் எல்லாம்?"

"முக்காவாசி."

சுஹைப் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "அப்புறம் ஏன் செஞ்சு குடுத்தீங்க?"

"நீங்க திரும்பக் கேட்டீங்க."

அவள் நடந்துகொண்டே பேசினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நான்காவது சுற்று. வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. "அக்டோபர்ல வாரேன். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். இங்கன இருந்தே செய்வேன். ராத்திரி வேலை கிடையாது. இதுக்கு உண்டு, இல்லைன்னு ஒரு பதில் சொன்னாப் போதும்."

"மாசக் கடைசியோட லீவு முடியுது, தெரியும்ல? அக்டோபர் வரைக்கும் இடத்தை வைப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும்."

"சரி. நான் மேல கேட்டுப் பார்க்கிறேன்."

"பார்க்கிறேன்னா?"

அவர் சிரித்துவிட்டார். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது அந்தச் சிரிப்பு. "கேட்பேன்னு அர்த்தம். கிடைக்கும்னு அர்த்தம் இல்லை."

"சரி. அந்த மெயில இன்னைக்கே திருத்திருங்க."

கீழே இறங்கினாள். நாடி தொண்ணூற்றாறு. துணி அறையில் மேல்தட்டிலிருந்து போர்வை மூட்டையை இறக்கி, மடிக்கணினியை முன்மேசைக்குக் கொண்டுவந்து மின் இணைப்பில் செருகினாள். செல்லச்சாமி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பயந்து பார்த்தார்.

"என்னட்டி, வேலையா?"

"நம்ம வேலை."

கல்லூரிக் கடைசி வருடத்தில் லாட்ஜுக்காக அவள் கட்டிய ஒற்றைப் பக்கம் ஒன்று இருந்தது. அருவிப் படம், அப்பாவின் போன் நம்பர், 'ரூம் தேவைக்கு அழைக்கவும்'. அதன் நிரலைத் திறந்தாள். எழுத்துக்கள் தெரிந்தன. கொஞ்சம் பொறுத்து, பொருளும் வந்தது. படத்துக்கு மேலே சிவப்பில் ஒரு வரி வரும்படி எழுதத் தொடங்கினாள்.

"என்னன்னு போடுத?"

"இன்று ரூம் இல்லை."

"இல்லைன்னு போடாதட்டி! நிறைஞ்சிட்டுன்னு போடு."

"நிறைஞ்சிட்டுன்னு போட்டா, ஒரு ஓரமாவாவது இடம் இருக்குமான்னு போன் வரும். இல்லைன்னுதான் போடப் போறேன்."

செல்லச்சாமி மொட்டை மாடிப் பக்கம் பார்த்தார். ஒன்பது பேரின் செருப்பு படியடியில் குவிந்து கிடந்தது.

"பாப்போம்," என்றார்.

அவள் அந்த வரியைப் போட்டு, போனிலும் ஒருமுறை திறந்து சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மடிக்கணினியை மூடிப் போர்வையில் சுற்றி மேல்தட்டில் வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், ஜெபமலர் வருவதற்குள் தண்ணீர் சூடாக வேண்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.